சனிக்கிழமைச் சாவு வக்கீல்

மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்காருவதற்கு முன் வக்கீல் எல்கானா ஒலுவோச் அதைத் தட்டிக் கொடுக்கிறார். “பொறுத்துக்க தங்கச்சி, மத்தியானம் வரைக்கும்தான்.” பிறகு தன் பாரத்தைத் தவணை தவணையாக அதன்மேல் இறக்குகிறார். முழங்கால்கள் குட்டி மேசைக்கு அடியில் போக மறுத்து இரண்டு பக்கமும் வெளியே நிற்கின்றன. முன்னொரு முறை ஒரு பெஞ்சு மனமுடைந்து இரண்டாகிவிட, தலைமையாசிரியர் அதற்குச் சவப்பெட்டிச் செலவு வரை அவரிடம் கறந்துவிட்டார் என்று நியலெண்டாப் பேட்டையில் ஒரு கதை உண்டு. பெஞ்சு உடைந்தது வரை உண்மை.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் கிசுமு நகரத்துக் கண்ணாடி மாடி ஒன்றில் வங்கிகளுக்கும் ஓட்டல் முதலாளிகளுக்கும் நிலப் பத்திரம் எழுதுகிறவர். சனிக்கிழமை விடிந்தால் கழுத்துப்பட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு இந்தத் தகரக்கூரைப் பள்ளிக்கு வந்துவிடுகிறார். ஆரம்பத்தில் இங்கே இலவசமாக யோசனை சொல்ல ஒரு வக்கீல் பட்டாளமே வந்தது. ஒருவர் தேர்தலில் நின்றார், ஒருவர் நைரோபிக்குப் போனார், ஒருவருக்குத் தகரக்கூரைச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒலுவோச்சும் கரும்பலகையும்தான் மிச்சம்.

தேடி வருகிறவர்கள் எல்லாம் சின்னச் சங்கங்கள். ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் பெண்கள், காது கேளாத பையன்களின் பந்தாட்டக் குழு, மோட்டார் சைக்கிள் ஓட்டப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமார். சட்டதிட்டம் எழுதத் தெரியாது, பதிவுக்கு எங்கே போவதென்று தெரியாது. மனதில் மட்டும் ஊரைத் தூக்கி நிறுத்தும் திட்டம் இருக்கும். கட்டணம் கிடையாது என்று அவர் சொன்னால் யார் கேட்கிறார்கள்? புகையிட்ட மீன் செய்தித்தாளில் சுற்றிக் காரின் பின்னிருக்கைக்கு வந்துவிடும். அவர் வீடு திரும்பும்போது நியலெண்டாப் பூனைகள் எல்லாம் காருக்குப் பின்னால் ஊர்வலம் போகும் என்றும், சாலைப் போலீஸ்காரர் அந்த ஊர்வலத்துக்காக ஒரு மந்திரியின் வண்டியையே நிறுத்தி வைத்தார் என்றும் சொல்வார்கள். அந்த மந்திரி யாரென்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பெயர் வரும்.

வந்தவர்களின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “உங்க சங்கம் செத்துப்போனா சொத்து யாருக்கு?”

பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். சங்கத்தைக் கலைக்க நேர்ந்தால் அதன் இடமும் பொருளும் யாருக்குச் சேரும் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்று அவர் விளக்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். அதனால்தான் சாவு வக்கீல் என்ற பெயர். சந்தையில் காய்கறிக்காரி தன் மகளிடம் உரக்கவே சொல்வாள், “சாவு வக்கீலுக்கு நல்ல தக்காளியாப் பொறுக்கிப் போடுடி, உயிரோட இருக்கிறப்பவே சாப்பிடட்டும்.” அவரும் சிரித்துக்கொண்டே பையை நீட்டுவார்.

நேரியா அவோகோ எழுந்து போகவில்லை. ஓய்வு பெற்ற நர்ஸ். ஒல்லி உடம்பு, வார்டின் மறுகோடிக்குக் கேட்கிற குரல். இரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து, எலும்பு எலும்பாக வலியெடுத்துக் கதறும் குழந்தைகளுக்காக ஆற்றோரம் ஒரு வீடு நடத்தினாள். ஆறு கட்டில். ஊர்ப் பெண்கள் மீன் விற்றும் வெளிநாட்டுச் சபை ஒன்று கொடுத்தும் வாங்கிய வீடு. ஒரு சங்கம் அமைத்து அதன் பேரில் வீட்டைப் பதிந்துகொள்ளத்தான் அந்தப் பெண்களோடு வந்திருந்தாள்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ரிஸ்பா என்ற இளம்பெண் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த சிசுவின் காதைச் சட்டென்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். “பச்சப்புள்ள கேக்கிற இடத்துல அதைப் பேசாதீங்க வக்கீலய்யா.”

“நான் சங்கத்தைத்தானம்மா சொன்னேன்.”

“சங்கமும் இன்னிக்குத்தானே பொறக்குது?” என்றாள் நேரியா. “பொறந்த புள்ளைக்கு யாராவது சவப்பெட்டிக்கு அளவெடுப்பாங்களா? ஏன் தம்பி, உன் பொண்டாட்டியைக் கட்டிக்கிறப்பவும் முதல்ல இதைத்தான் கேட்டியா?”

“கேட்டேன் அக்கா. அந்தப் பயத்துலதான் ரெண்டு பேரும் இன்னும் சாகாம இருக்கோம்.”

வகுப்பறை சிரிப்பில் குலுங்கியது. ஆனால் அந்த ஓர் இடத்தை நிரப்பாமல் பதிவு நடக்காது. பெண்கள் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுத்தார்கள். கடைசியில் நேரியாவே பேனாவை வாங்கி, சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு என்ற இடத்தில் ‘கடவுளுக்கு’ என்று எழுதினாள்.

ஒலுவோச் படித்தார். “அவர் முகவரி அக்கா?”

“எல்லா இடமும்தான். தபால்காரருக்குத் தெரியும்.”

மறுபடி சிரிப்பு. ஏரிப்பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எத்தனையோ சங்கங்களிடம் விடாப்பிடியாக நின்றவர், அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டார்.

நேரியா ஒரு ஞாயிறு காலையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தாள். அந்தச் சங்கத்தில் தலைவி, சமையல்காரி, ஊசி போடுகிறவள் எல்லாம் அவள்தான் என்பது அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. வெளிநாட்டுச் சபை மருந்துக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தியது. பெண்கள் ஒரு வருஷம் தம் கட்டிப் பார்த்தார்கள். பக்கத்து ஊரான அஹேரோவில் இதே நோய்க் குழந்தைகளைப் பார்க்கிற சங்கம் ஒன்று உண்டு. அவர்களிடம் ஆள் இருந்தது, வீடு இல்லை. “வீட்டைக் குடுங்க, உங்க புள்ளைங்களையும் சேர்த்துப் பாத்துக்கறோம்” என்று வந்து நின்றார்கள். கொடுக்க முடியவில்லை. அது கடவுளின் வீடு. எழுதியதைத் திருத்தலாமென்றால் உறுப்பினரில் பெரும்பகுதி கூடிக் கைதூக்க வேண்டும். பாதிப்பேர் மலைப்பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்விட்டார்கள். போனவர்களைத் தேடி ஒலுவோச் தன் காரிலேயே அலைந்தார். கை எண்ணிக்கை தேறவில்லை.

சேதி பரவியதும் கடவுளின் ஆட்கள் வந்தார்கள். ஒரே தெருவிலிருந்து மூன்று போதகர்கள். வெள்ளை அங்கிக்காரர் சொன்னார், “நேத்து ராத்திரி கர்த்தர் எங்கிட்டப் பேசினாரு, வக்கீலே. சாவியை வாங்கி வைன்னாரு.”

“நேத்து ராத்திரி அவர் எங்கூட இருந்தாரேய்யா” என்றார் அடுத்தவர். “விடியிற வரைக்கும் ஜெபம்.”

ஒலுவோச் சிரிக்கவில்லை.

வழக்கு நீதிமன்றம் போனது. எதிர்த்தரப்பில் மூன்று போதகர்களின் சபைகள். அஹேரோ சங்கத்துக்காக ஒலுவோச், காசில்லாமல். நீதிபதி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், “கடவுள் எங்க இருக்கார்னு உங்களால காட்ட முடியுமா, வக்கீல்?”

“ஆறாவது கட்டில்ல இருந்தாருங்கய்யா. நான் பாத்திருக்கேன். ராத்திரியெல்லாம் வலில அழுதுட்டு, காலையில கஞ்சி கேட்பாரு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். துடைத்து முடித்து, அந்தத் தெருவில் முதலில் பதிவான சபைக்கு வீட்டைக் கொடுத்தார். கட்டில்கள் வாசலில் நனைந்தன. உள்ளே ஒலிபெருக்கி ஏறியது. குழந்தைகளை அவரவர் ஊருக்கு அழைத்துப் போனார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு வீடுகளிலிருந்து சாவுச் சேதி வந்தது. இரண்டு அடக்கத்துக்கும் ஒலுவோச் போனார். பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பை வாழைமரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தார்.

அலுவலகத்துக் கூட்டாளி சமாதானம் சொன்னார். “நீ சொன்ன யோசனை இலவசம்யா. இலவச யோசனைக்கு எவன் உம்மேல கேஸ் போடுவான்?”

“இலவசம்னா தப்பும் இலவசமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு ஓட்டல்காரரின் பத்திரத்தை எடுத்துப் பிரித்தார்.

சனிக்கிழமைகள் நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அந்தக் கேள்வி கொஞ்சம் தாமதமாக வருகிறது. மீனை வாங்கிக்கொள்கிறார், மழையைப் பற்றிப் பேசுகிறார், தண்ணீர் குடிக்கிறார், பெஞ்சைத் தடவுகிறார். அதற்கு அப்புறம்தான் கேட்கிறார். கேட்ட பிறகு, சொத்து சேரவேண்டிய ஆளின் அல்லது சங்கத்தின் பெயரும் முகவரியும் எழுதாமல் யாரையும் எழுந்து போக விடுவதில்லை.

போன சனிக்கிழமை மீன் சந்தைப் பெண்கள் வந்தார்கள். வியாபார நேரத்தில் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை போடுகிறார்களாம், அதற்குச் சங்கம். தலைவியின் முதுகில் துணியால் கட்டிய குழந்தை, பிறந்து பத்து நாள்கூட இருக்காது. ஒலுவோச் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவள் சொல்லிவிட்டாள். “உங்க கேள்வி என்னன்னு ஊருக்கே தெரியும் வக்கீலய்யா. இன்னிக்கு மட்டும் வேணாம். புள்ள இருக்கு.”

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் தயங்கித் தயங்கித் துணியை அவிழ்த்துப் பிள்ளையைக் கொடுத்தாள். அதைத் தன் அகன்ற தொடைமேல் கிடத்தி, தலையைச் சரிசெய்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டார். பிறகு, பெண்களுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்.