பாதிப் பொட்டலம்

செம்பருத்திப் பூவின் குணம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். மாதவிலக்கு நாட்களில் பூவை அரைத்துக் கஞ்சித் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் கரு தங்காது என்பார்கள். ஆனால் வேலியோரம் சும்மா பூக்கிறதை யார் மதித்தார்கள்? ஐம்பதுகளின் நடுவில், கொழும்பிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் வந்து அதே பூவைக் காயவைத்து, இடித்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அப்புறம்தான் அதற்கு மவுசு வந்தது.

பூ உண்மையிலேயே கருவைத் தடுக்கிறதா என்று பார்க்க வந்தவர் அவர். நாலு பிள்ளைக்கு மேல் பெற்றவர்களுக்கு மட்டும்தான் பொட்டலம். என் அக்காவுக்கு ஐந்து. ஐந்தாவது பிரசவத்தில் இரத்தம் நிற்கவே இல்லை. "இன்னொன்னு தங்குச்சுன்னா நீ பொழைக்க மாட்ட, தாயி" என்று மருத்துவச்சி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அத்தானிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. அந்த மனுசன் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். அக்கா அந்தத் தூளைத்தான் மலை போல நம்பினாள்.

லயத்து வரிசையில் குடும்பத்துக்கு ஒரே அறை, ஒரு காம்பரா. பக்கத்துக் காம்பராக்காரிக்கு மூன்று பிள்ளைகள்தான், கடைசி பால்குடி. அவளுக்குப் பொட்டலம் இல்லை. ஒருநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது, இனிப் பிள்ளையே வேண்டாமென்று அக்காவின் கையைப் பிடித்து அழுதாள். அன்றிலிருந்து அக்கா தூளைச் சரிபாதியாகப் பிரித்தாள். எங்கள் லயத்தில் கருவாடு சுட்டாலும் ஒரு துண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போகும். கொடுக்காமல் தின்றால் உடம்பில் ஒட்டாது என்பார்கள். கருவாட்டையும் மருந்தையும் அக்கா ஒன்றாக நினைத்ததுதான் வந்த வினை.

"அளவு கொறைஞ்சா எப்படிக்கா கேக்கும்?" என்று நான் கத்தினேன்.

"அவளும் பொம்பளதானே புள்ள" என்றாள்.

டாக்டர் வரும்போதெல்லாம், "ஒழுங்காக் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்பார்.

"குடிக்கிறேங்க ஐயா."

அது பொய்யில்லை. எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை.

பிறகு அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டர் சோர்ந்துபோனார். ஒழுங்காகக் குடித்தவளுக்கே தங்கிவிட்டதென்றால் இந்த மருந்து சரிவராது என்று சொல்லிவிட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். பாதிதான் குடித்தேன் என்று சொல்லிவிடும்படி அக்காவிடம் கெஞ்சினேன்.

"சொன்னா அவ களவாக் குடிச்சது அவ புருசன் காதுக்குப் போவும். அவள மிதிச்சே கொன்னுருவான். நீயும் வாயத் தொறக்காத."

டாக்டர் போய்விட்டார். அந்தப் பூ நல்லதா கெட்டதா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

வலி கண்டதும் அக்காவைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அக்கா உயிரோடு இல்லை.

எனக்கு இன்றும் ஆறவில்லை. எத்தனை பெற்றாய், எப்போது பெற்றாய் என்று எங்களைத் துருவித் துருவிக் கேட்ட மனிதர், நாங்கள் எப்படித் தின்கிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அக்கா மேலும் கோபம்தான். செத்தவள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது?

பக்கத்துக் காம்பராக்காரிக்கு அப்புறம் பிள்ளையே உண்டாகவில்லை. பூவின் வேலையா, அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்ததாலா, யார் கண்டது? நான் துணியில் சுற்றிக்கொண்டு போன அக்காவின் பிள்ளையை அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் இன்றுவரை அவளைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள்.