அம்மா ஒட்டிய கிட்டார்

எஹலியகொடையில் சித்திரை விழா மேடை ஏற மூன்று நாள் இருந்தபோது என் கிட்டாரின் பிரிட்ஜ் பெயர்ந்தது. கம்பிகளைப் பெட்டியோடு பிடித்து வைத்திருக்கும் மரக்கட்டை அது.

இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்கள இசைக்குழு ஒன்றில் தலைவரோடு சேர்ந்து கிட்டார் வாசித்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். என் வாசிப்பை ஒரு கல்யாண வீட்டில் கேட்டிருந்த குழுத் தலைவர், "ஞாயித்துக்கிழமை வந்து ஒண்ணு தனியா வாசி மல்லி. சரியா வந்தா சீசன் முழுக்க எங்களோட வா" என்று சிங்களத்தில் சொன்னார். மல்லி என்றால் தம்பி. எம்பிலிப்பிட்டிய, தங்காலை, மாத்தறை என்று ஊர் ஊராகப் போகிற குழு. இருபத்திரண்டு வயதில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நான் வாசிப்பது புளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவில் நின்று போனில் பார்த்து, கம்பியை விரலால் இழுத்து ஒரு சுரத்தை மேலே ஏற்றுவதை மட்டும் ஒரு வருடம் பழகினேன். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், யாருக்கும் பிடிக்காது. "எழவு வீடு மாதிரி இருக்கு, நிப்பாட்டுடா" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். இன்னும் சத்தமாக வாசிப்பேன்.

கட்டை பெயர்ந்த அன்று விடாத மழை, டவுனுக்குப் பஸ் இல்லை. "குடு தம்பி, பால் வச்சு ஒட்டிறலாம்" என்றார் அம்மா. தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவர் அவர். எங்கள் லயத்தில் செருப்பு, வாளி, பாடப்புத்தகம், எது பிய்ந்தாலும் இறப்பர் பால்தான். எனக்கும் சந்தேகம் வரவில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிரட்டையில் கொண்டுவந்த பாலை அவர் கோழி இறகால் பூச, நான்தான் கட்டையை அழுத்திப் பிடித்தேன். மேலே இரண்டு செங்கல் வைத்தோம். சனிக்கிழமை கம்பிகளை முறுக்கினேன். நின்றது.

காய்ந்தாலும் இறப்பர் இறப்பர்தான், இழுத்தால் நீளும். பால் வெட்டியே பிழைக்கிற வீட்டில் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை.

ஞாயிறு பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. மேடைக்குப் பின்னால் சுருதி சேர்த்தால், கடைசிக் கம்பியைச் சேர்ப்பதற்குள் முதல் கம்பி இறங்கிவிடுகிறது. மறுபடி முறுக்கினேன். மறுபடி இறங்கியது. குனிந்து பார்த்தேன். கட்டைக்கு அடியில் பால் வெள்ளை நூலாக இழுபட்டிருந்தது. வேறு கிட்டார் கேட்கலாம்தான். கேட்டால், ஒழுங்கான கிட்டார்கூட இல்லாதவன் என்று அப்படியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அதற்குள் அறிவிப்பாளர் கூப்பிட்டுவிட்டார்.

கூட்டத்தின் முன்னால், திருவிழாவுக்குக் கட்டும் சேலையில் அம்மா நின்றார். நான் மேடையில் வாசிப்பதைப் பார்க்க அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார்.

இறங்கிப்போன ஒவ்வொரு சுரத்தையும் விரலால் இழுத்து மேலே ஏற்றினேன். புளூஸில் அது பொருந்தும் என்பதால் முதல் நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. விரல் நுனி எரிந்தது. தலைவர் மட்டும் தோளில் தன் கிட்டாரோடு மேடையோரத்திலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும் என்று நினைத்தபோது கட்டை பட்டென்று பிய்ந்து என் மணிக்கட்டில் அடித்தது.

கூட்டத்தில் எங்கோ ஒருவர் சிரித்தார். எல்லாம் போயிற்று என்று முகம் சுட்டது. மைக் வாய்க்கு நேரே இருந்தது.

"எங்கம்மா பால் வெட்டுறவங்க. அவங்கதான் இறப்பர் பால் பூசி ஒட்டுனாங்க. கிட்டாரையும் செருப்புன்னு நெனச்சுட்டாங்க" என்று சிங்களத்தில் சொன்னேன்.

மைதானமே குலுங்கியது. தலைவர் சிரித்துக்கொண்டே தன் கிட்டாரைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டார். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் வாசித்ததில்லை. முடித்துவிட்டுப் பார்த்தேன். அம்மா நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். அம்மாவுக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சேலை மாற்றி அடுப்படியில் இருந்தார்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"ம்."

"அப்ப சரி. சாப்புடு."

கட்டையைப் பிடித்தது நானும்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அடுத்த வாரம் எம்பிலிப்பிட்டியவில், மேடையேறும் முன் தலைவர் என் தோளைத் தட்டினார். "மல்லி, அந்த அம்மா கதையச் சொல்லு. சனத்துக்குப் பிடிச்சிருக்கு."

சொன்னேன். தங்காலையில் சொன்னேன், மாத்தறையிலும் சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்தினால் கூடுதலாகச் சிரிப்பார்கள் என்பதுகூடப் பழகிவிட்டது. சீசன் கடைசியில் குருவிட்டையில் கச்சேரி வந்தது, வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். அம்மாவைக் கூப்பிடவில்லை. அவர் வந்து முன்னால் நின்றால் எனக்கு அந்தக் கதையைச் சொல்ல வராது.