வெளியே நிற்பவனுக்கு ஒரு ஸ்வெட்டர்

அந்தத் தெருவில் தையல்காரரை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. வாயும் அப்படித்தான், யாரையாவது குத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு அளவெடுத்த பொண்ணு இன்னும் பிறக்கலை" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. அக்கா இறந்த பிறகு, தையல் மெஷினைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அத்தான் வீட்டு முன்னறையில் போட்டார். அத்தானைத் தனியே விட முடியாது. மறதி நோய் முற்றிக்கொண்டு வந்தது.

அத்தான் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். கடைசி பஸ்ஸில் ஒருவரையும் விட்டுவிட்டு வரமாட்டார் என்று பெயர் எடுத்தவர். தூரத்தில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் போதும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தால், "உங்களுக்கென்ன, உக்காந்திருக்கீங்க" என்பார். இப்போது சாப்பிட்டது மறந்துபோகிறது. குளியலறை எந்தப் பக்கம் என்பதும் மறந்துபோகிறது. மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

கோடை முழுக்க வண்டி எப்படியோ ஓடியது. குளிர்காலம் வந்ததும்தான் தகராறு. இருட்டத் தொடங்கினால் அத்தான் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார். போட்டுவிட்டால் மறுபடியும் கழற்றுவார். ஒருநாள் ஊசி அடுப்படியில் சூப் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு வெறும் சட்டையோடு வெளியே போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் கூட்டிவருவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, மறுபிறவி எடுத்து வந்து சேர்ந்தார்.

வேறு ஊரிலிருந்து மகள் அலறியடித்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, உங்க மேல குத்தம் சொல்லலை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்பா தாங்கமாட்டார். ஒரு இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். இடம் கிடைச்சா சேத்துடலாம்."

ஊசி போய்த் தையல் மெஷின் முன் உட்கார்ந்தார். அவள் சொன்னதில் தப்பு இல்லை.

அவருக்குத் தெரிந்த வழி தையல்தான். ஸ்வெட்டரின் முன்பக்கத்தை மூடித் தைத்தார். முதுகுப்பக்கத்தைப் பிளந்து, அங்கே காஜா எடுத்துப் பொத்தான் வைத்தார். என்ன முயன்றாலும் அத்தானுக்குக் கை எட்டாது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். அன்று மாலை அத்தான் அந்த ஸ்வெட்டரோடு மல்லுக்கட்டினார். முடியாமல் போனதும், நாற்காலியில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

ஊசி ஓடிவந்தார். "என்ன அத்தான், அரிக்குதா?"

"அவிழ்த்து விடுடா. அவனுக்குக் குடுக்கணும்."

"எவனுக்கு?"

அத்தான் ஜன்னலைக் காட்டினார். "எவ்வளவு நேரமா நிக்கிறான் பாரு. வயசானவன். கடைசி பஸ்ஸை விட்டுட்டான் போல."

ஊசி குனிந்து பார்த்தார். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. கண்ணாடியில் அத்தானின் முகம்தான் கலங்கலாக, தெருவில் நிற்பதுபோல் தெரிந்தது. குளிர்காலத் தொடக்கத்தில், பகல் வெளிச்சம் படட்டும் என்று அத்தானைப் பார்க்க வரும் நர்ஸ் சொன்னதால், நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டவரே ஊசிதான். பகலில் அது நல்லதுதான். இருட்டினால் இப்படி ஒருவன் வந்து நிற்பான் என்று யார் கண்டது? அன்றைக்கு அத்தான் வெளியே போனதும் இவனைத் தேடித்தான்.

"அது நீங்கதான் அத்தான். கண்ணாடியில தெரியுது."

"நான் இங்கல்ல உக்காந்திருக்கேன்? முதல்ல உன் கண்ணைக் காட்டு டாக்டர்கிட்ட."

மறுநாள் விளக்கைப் போடுவதற்கு முன்பே ஊசி திரையை இழுத்துவிட்டார். அத்தான் எழுந்து போய் அதை விலக்கினார்.

"மூடிட்டா அவன் இல்லாமப் போயிருவானா?"

ஊசி ராத்திரி உட்கார்ந்து, முதுகுப் பொத்தான்களைப் பிரித்து முன்பக்கமே வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள். இல்லத்தில் இடம் காலியாகிவிட்டது, பதில் சொல்லியாக வேண்டும். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அத்தானின் கை பொத்தானுக்குப் போனது. "அப்பா, குளிருது, கழட்டாதீங்க!" என்று அவள் கையைப் பிடித்தாள். அவர் உதறினார்.

ஊசி கோட்டை மாட்டினார். இன்னொரு ஸ்வெட்டரை அதற்குள் திணித்துக்கொண்டார். "பிடிக்காத. கொஞ்சம் பொறு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். வீட்டைச் சுற்றி வந்து, ஜன்னலில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று, கண்ணாடியைத் தட்டினார்.

அத்தான் துள்ளி எழுந்தார். தட்டுத்தடுமாறிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுய்யா, ஏறு. எவ்வளவு நேரம்தான் நிப்ப?"

ஊசி பல் கிடுகிடுக்க உள்ளே வந்தார். அதில் நடிப்பு பாதிகூட இல்லை. அத்தான் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினார்.

"அப்ப நீங்க இதைப் போட்டுக்கங்க" என்று ஊசி கோட்டுக்குள்ளிருந்து மற்றதை எடுத்தார். "இல்லேன்னா நான் இறங்கிப் போயிருவேன்."

"ரொம்பப் பிகு பண்றவனா இருப்பான் போல" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே, அத்தான் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். பிறகு ஜன்னலுக்குப் போய், தன் கையாலேயே திரையை இழுத்து மூடினார். "அவ்வளவுதான். ஸ்டாப்புல இனி யாரும் இல்ல."

மகள் அடுப்படிக்குப் போனாள். தேநீர் போட அவ்வளவு நேரம் ஆகாது. வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

"தினமும் நீங்களே வெளிய போய் நின்னா, அடுத்து உங்களை ஆஸ்பத்திரியில சேக்கணும் மாமா."

"கோட்டுல பஞ்சு வச்சுத் தைச்சுக்கிறேன். எனக்கா தைக்கத் தெரியாது?"

"அதுக்குச் சொல்லலை. இந்தக் குளிர் போகட்டும், இல்லம் பத்தி அப்புறம் பாக்கலாம். ஞாயித்துக்கிழமை நான் வந்து நிக்கிறேன்."

சொன்னபடி வந்தாள். அவள் ஜன்னலைத் தட்டியதும் கதவு திறந்தது. அவளை யாரென்று அத்தானுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஊசி, சூடா ஏதாவது கொண்டாடா. நம்ம பொண்ணு மாதிரி இருக்கா, பாவம்."