திரும்பி வராத ஈயப்பெட்டி

பூபாலரெத்தினம் சேர் நேற்றுக் காலை குருக்கள்மடத்தில் தம் வீட்டில் காலமானார். மனைவி பரமேஸ்வரி ரீச்சர் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். மாரடைப்பு. துப்பாக்கிச் சூடு அல்ல என்பதை இரண்டாவது தடவையும் கேட்டேன். இந்நாட்களில் செய்தியாளன் அதையும் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்த அவரை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு, எக்ஸ்ரே கதிர்களை எண்ணும் ஒரு கருவியை நம்பியிருந்தது. எத்தனை கதிர் பட்டால் அது எத்தனையை உணர்கிறது என்று முதலில் சோதிக்க வேண்டும். அதற்கு, வீசும் அளவு முன்பே தெரிந்த ஒரு கதிர்மூலம் தேவை. பொத்தானளவு வில்லை அது. சிறிய ஈயப்பெட்டியில் வைத்திருந்தார்.

கொழும்பில் அதைச் சரிபார்த்துக்கொண்டு திரும்புகையில் இராணுவச் சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்தார்கள். கதிர் வீசும் பொருள் என்று உண்மையைச் சொன்னார். அவரை ஒரு கிழமை தடுத்து வைத்திருந்து, பிறகு விட்டார்கள். பெட்டியை விடவில்லை.

“பொத்தான் எண்டு சொல்லியிருக்கலாமே, சேர்?” என்றார் செங்கலடித் தேநீர்க்கடைக்காரர்.

“பொத்தானுக்கு என்னத்துக்குகா ஈயப்பெட்டி எண்டு கேட்டா?”

நண்பர் ஒருவர் என் முன்னிலையில் சேருக்குப் புத்தி சொன்னார். “மெஷின் எண்ணுதுதானே? எழுதிக் குடுங்க. ஆர் வந்து பாக்கப்போறான்?”

“எண்ணுது. நூறு விழுந்தா எண்பது எண்டுதா, அறுபது எண்டுதா? அதச் சொல்லுங்க, இண்டைக்கே எழுதுறன்.”

அந்த ஆய்வை அவர் சமர்ப்பிக்கவேயில்லை. அவரிடம் படித்தவர்கள் கலாநிதிகளாகி வந்து அவரையே மேற்பார்வை செய்தார்கள்.

இராணுவச் சுற்றிவளைப்புக்குப் பின் ஊர்களிலிருந்து செத்தவர் எண்ணிக்கைகள் எனக்கு வரும். “சொன்ன ஆள முதல்ல சோதிச்சனீங்களா?” என்பார் சேர். அவர் அப்படிக் கேட்டதிலிருந்து, செத்தவர் எத்தனை என்று கேட்கும் முன், எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சாட்சியிடம் கேட்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

கடைசியாகக் கண்டபோது பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அந்த மூலம் வீசும் அளவு மூன்று வருடத்துக்குள் பாதியாகிவிடும். “அது தேஞ்ச கணக்கு என்னட்ட இரிக்கி. நான் தேஞ்ச கணக்குத்தான் இல்ல” என்றார்.

இன்று முகாமில் விசாரித்தேன். பெட்டி இருக்கிறது, உரியவர் நேரில் வந்தால் தரலாம் என்றார் பொறுப்பதிகாரி. இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் மேலிடத்தில் கேட்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

சேருக்கும் ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமைதான் சொன்னார்கள்.