எல்லாம் நல்லா இருக்கு என்கிறாள் அக்கா

மாங்காய்ப் பால் வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. காம்பைக் கிள்ளியதும் பீய்ச்சியடிக்கும் அந்தப் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்று, காலையிலேயே முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவோம்.

கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாங்காய் ஷெட். நானும் அக்காவும் ஒன்றாக வேலைக்குப் போன சீசன் அது. பத்தாவது வரை தமிழில் படித்த எனக்கு, பிளஸ் ஒன் வகுப்பில் எழுந்து மலையாளத்தில் பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்றே மாதத்தில் நின்றுவிட்டேன். அக்காதான் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அக்காவுக்கு எதிலும் ஒரு குறை இருக்கும்.

மாங்காய் அடுக்கும் பெட்டிக்குள் விரிக்கிற பழைய பேப்பரின் மை விரலில் ஒட்டுகிறது. டீயில் ஏலக்காய் இல்லை, இருந்தால் ஏலக்காய் அதிகம். பஸ் டிரைவர் ஸ்டாப்பைத் தாண்டி நாலடி தள்ளித்தான் நிறுத்துகிறார்.

"அந்த நாலடிய அவரு எங்க சேத்து வெக்கறாரு, கேளு அம்மிணி" என்பாள். நான் சிரிப்பதோடு சரி.

ஒருநாள் தகரக் கூரை விலகியிருந்த இடத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். உச்சி வெயில் நேராகத் தலையில். நான் சொல்லவே மாட்டேன் என்று அக்காவுக்குத் தெரியும்.

"ஏனுங்ணா, எந்தங்கச்சி என்ன மாங்காய்ங்களா, வெயில்ல வெச்சுப் பழுக்க வெக்கறீங்க?"

ஷெட்டே சிரித்தது. சூப்பர்வைசர் அண்ணனும் சிரித்துவிட்டார். எனக்கு நிழலில் இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டாள். சாம்பார், ஃபேன் சத்தம், என் தலைமுடி... "கொறை சொல்லாம உனக்குச் சோறு எறங்காதா?" என்று அம்மா கத்துவாள். "சோறே கொழஞ்சிருக்கே, எப்படியம்மா எறங்கும்?" என்பாள் அக்கா.

அடுத்த வருஷம் அவளுக்கு இடுக்கிப் பக்கம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பிளவுஸைப் போட்டுப் பார்த்தாள். கை இறுக்கம், கொக்கி கோணல், லைனிங் மட்டம் என்று ஆரம்பித்தாள்.

எனக்கு என்ன தோன்றியதோ. வாழ்க்கையில் நான் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"போற ஊட்டுல இப்படிக் கொறை சொல்லிட்டே இருக்காதக்கா. அவிய நம்ம அம்மாவத்தான் பேசுவாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். பிளவுஸை மடித்து வைத்தாள்.

"செரி" என்றாள். அவ்வளவுதான்.

பெரிய மனுஷி மாதிரி பேசிவிட்டேன் என்று அன்று முழுவதும் எனக்குப் பெருமை.

அவள் போய் எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்வாள். சாப்பாடு எப்படி? நல்லா இருக்கு. குளிர்? பழகிருச்சு. மாமியார்? நல்லவிய. எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில்.

"பாத்தியா, எம்புள்ள எப்படித் திருந்திட்டா" என்று அம்மா சந்தோஷமாகப் போனை வைப்பாள்.

எனக்குத்தான் பயமாக இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில்தானே எல்லாம் நல்லா இருக்கு என்போம்? எட்டு மாதமாக அக்கா அங்கே விருந்தாளியாகவே இருக்கிறாளோ... அதுவும் நான் சொன்னதால்?

போன ஞாயிறு அம்மா கோயிலுக்குப் போனபோது, சிக்னல் கிடைக்கிற கொய்யா மரத்தடிக்குப் போய் நானே கூப்பிட்டேன்.

"நா அன்னிக்குச் சொன்னது தப்புக்கா. எங்கிட்டயாச்சும் ஒரு கொறை சொல்லு."

மெதுவாகச் சொன்னாள்.

"இங்க குளிக்கற பக்கெட்டுக்குக் கைப்பிடி இல்ல அம்மிணி. வந்ததுலிருந்து கட்டிப் புடிச்சுத் தூக்கிட்டுப் போறேன். பாதித் தண்ணி என்ர மேலதான். அந்தக் குளிருல..."

"மாமாகிட்டச் சொல்லலாமில்ல?"

"நல்ல மனுசன்தான். ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"மாமாகிட்டப் போனக் குடு" என்றேன். அவரிடம் 'வாங்க' என்பதைத் தாண்டி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாமா... அக்காளுக்குப் பக்கெட்டுல கைப்பிடி இல்லீங்களாம்."

"அட, இத எங்கிட்டச் சொல்லவே இல்லயேம்மா உங்கக்கா! நாளைக்கே வாங்கிட்டு வாரேன்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "கம்பி போட்டதாப் பாத்து வாங்கச் சொல்லு! பிளாஸ்டிக்னா ரெண்டே நாள்ல பிஞ்சுரும். செவப்பு வேண்டாம். பெருசும் வேண்டாம், ஆரு தூக்கறது?"

மாமா சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. பக்கெட்டிலிருந்து வாசல் படிக்குப் போனாள், படியிலிருந்து அடுத்த வீட்டு ரேடியோவுக்கு...

முன்பெல்லாம் பக்கத்திலேயே இருப்பாள். எப்போது வாயை மூடுவாள் என்று காத்திருப்பேன். இப்போது சிக்னல் போய்விடக் கூடாதே என்று, கொய்யா மரத்தடியில் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.