தாஃபினாவுக்குப் பக்கத்து நாற்காலி

பல்கேரியாவில் ப்ளெவென் நகர நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் டைப் அடித்தவள் ருசன்கா. அவள் கையைப் பார்த்தவர்கள், மழை பெய்கிறதா இவள் அடிக்கிறாளா என்று கேட்பார்கள். கீபோர்டைக் குனிந்து பார்த்ததாக ஒருவரும் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே டிராலிபஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நாலு பக்கச் சாட்சியத்தைப் பிழையில்லாமல் முடித்துவிடுவாள். அந்தப் பெருமை அவளுக்கு நிறைய உண்டு. அதை அடக்கி வைக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை, ஏனென்றால் ஊரே ஒப்புக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்டவளை அறுபத்து மூன்றாவது வயதில் ஒருத்தி முந்திவிட்டாள். அதுவும் இரண்டே இரண்டு கட்டைவிரலை வைத்துக்கொண்டு. அவள் பெயர் வெனெதா.

வெனெதா ஒன்றும் புதியவள் அல்ல. இருபது வயதில் டைப்பிங் வகுப்பில் ஒரே வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: ருசன்கா, தாஃபினா, வெனெதா. ருசன்கா முதலாவதாகத் தேறினாள். தாஃபினா மூன்றாவதோ நாலாவதோ. வெனெதா தேறவே இல்லை. பாதியில் விட்டுவிட்டு செருப்புக் கடையில் வேலைக்குப் போனாள். மூவரும் கல்யாணம் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஆனால் வியாழக்கிழமை நீரூற்றுப் பூங்காவுக்கு எதிரே உள்ள கடையில் காப்பி குடிப்பதை நாற்பது வருடமாக விடவில்லை. மூவரில் தாஃபினா தன்னுடையவள் என்பதில் ருசன்காவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தாஃபினாவின் கணவன் இறந்தபோது அந்த வீட்டில் ஒரு மாதம் தங்கியவள் ருசன்காதான். வெனெதா கேக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் தாஃபினாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கருவி வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாததால் சில சமயம் கத்துவாள், சில சமயம் முணுமுணுப்பாள். பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் வசதி செல்போனில் இருக்கிறதே என்று அவள் மகன் போட்டுக் கொடுத்தான். காப்பிக் கடையில் அது நாலு மேசைப் பேச்சையும் ஒன்றாகக் குழப்பி எழுதியது. யார் சொன்னது என்பதும் அதற்குத் தெரியவில்லை. தாஃபினா அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. தாஃபினாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள் மேசையில் நடக்கும் பேச்சைத் தன் செல்போனில் அடித்துக் காட்ட வேண்டும். முதல் வியாழக்கிழமை அந்த நாற்காலியில் ருசன்கா உட்கார்ந்தாள். வேறு யார் உட்காருவது?

அங்கேதான் மானம் போயிற்று. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று ருசன்காவின் பத்து விரல்களுக்குத் தெரியும், ருசன்காவுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடம் பார்க்காமலேயே அடித்தவளுக்கு, கண்ணால் தேட வேண்டும் என்றதும் கை ஓடவில்லை. ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்க மேசை விளிம்பில் பத்து விரலையும் வைத்துத் தட்டிப் பார்த்து, ஓ வலது கை நடுவிரல், மேல் வரிசை என்று தெரிந்துகொண்டு, பிறகு கட்டைவிரலால் அதைத் தேடினாள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மேசையில் பேச்சு மூன்று ஊர் தாண்டிப் போயிருந்தது. தாஃபினா பொறுமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொறுமையை ருசன்காவால் தாங்க முடியவில்லை.

எதிரே இருந்த வெனெதா சும்மா இருந்தாளா? தன் அகலமான செல்போனை எடுத்து, சிவப்புச் சாயம் பூசிய நீள நகங்களோடு தட்தட் என்று தட்டி, தாஃபினாவின் பக்கம் திருப்பினாள். தாஃபினா படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வியாழக்கிழமை நாற்காலி மாறியது. யாரும் மாறச் சொல்லவில்லை. தாஃபினா பையை எடுத்து இடம் செய்து கொடுத்தாள், வெனெதா உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ருசன்கா அன்று பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சாவைத் தொடவே இல்லை. வெனெதா அடிப்பதை எட்டிப் பார்த்தபோது வயிறு இன்னும் எரிந்தது. வரிக்கு இரண்டு பிழை. திருத்துவதே இல்லை. பிழையைப் படித்தும் தாஃபினா சிரித்தாள். வகுப்பில் தேறாதவளின் பிழை சிரிப்பாம், தன்னுடைய சுத்தம் மட்டும் சலிப்பாம்! வீட்டுக்கு வந்து கணவன் தோப்ரியிடம் கொட்டித் தீர்த்தாள்.

தோப்ரி டிராலிபஸ் பணிமனையில் மின்வேலை பார்த்தவர். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார். அவள் செல்போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோளாறு போன்ல இல்ல ருசா, வெனெதா மேல உனக்கிருக்கிற எரிச்சல்ல இருக்கு. அதுக்கு என்கிட்ட ஸ்பானர் கிடையாது" என்றார்.

பல்கேரிய எழுத்தை அடிக்க இரண்டு வகைக் கீபோர்டு உண்டு. ஒன்று அரசாங்க முறை. உயிரெழுத்தெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். டைப்பிஸ்டுகள் படித்தது அதைத்தான். இன்னொன்று, ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் அதே ஓசையுள்ள எழுத்தை வைத்த முறை. படிக்காதவர்கள் எல்லாரும் அதில்தான் அடிப்பார்கள் என்று ருசன்கா சொல்வாள். படித்தவர்களும் பாதிப் பேர் அதில்தான் அடிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் வெனெதாவும் அதில் அடித்தாளே.

அன்று முதல் அவள் ஒரு தவத்தில் இறங்கினாள். பழைய ஆட்டுத் திருட்டு வழக்கின் சாட்சியம் ஒரு பக்கம் அவளிடம் இருந்தது. தினமும் காலையில் அதே பக்கத்தை ஒவ்வொரு கீபோர்டிலும் அடித்து, எத்தனை நிமிடம், எத்தனை பிழை என்று கட்டம் போட்ட நோட்டில் குறித்தாள். முதலில், வெறுப்பை விழுங்கிக்கொண்டு, வெனெதாவின் முறை. நாற்பத்தோரு பிழை. விரலை எடுக்காமல் எழுத்துக்கு எழுத்து இழுத்துச் செல்லும் முறை வேகமாகத்தான் இருந்தது, ஆனால் அது ஆட்டுக்காரனைப் பிஷப்பாக்கியது. செல்போனைப் படுக்க வைத்தால் விசைகள் அகலமாயின, சுகமாயிருந்தது. ஆனால் கீபோர்டே திரையை விழுங்கிவிட, தாஃபினா படிக்க இரண்டு வரிதான் மிஞ்சும். தானே திருத்தும் வசதி தாஃபினாவின் பெயரை ஏதோ செடியின் பெயராக்கியதும் அதை ஒரேயடியாக அணைத்தாள். கட்டைவிரல் அடி வீங்கியது. தோப்ரி ரக்கியா சாராயத்தில் துணியை நனைத்துக் கட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் குடித்தார்.

இரண்டாவது மாதத்தில்தான் விஷயம் பிடிபட்டது. அரசாங்க முறையிலேயே, செல்போனை நிமிர்த்திப் பிடித்து, முழங்கையை மேசையில் ஊன்றி, விசைகளின் உயரத்தை ஒரு படி கூட்டினால், இடக் கட்டைவிரல் உயிரையும் வலக் கட்டைவிரல் மெய்யையும் மாறி மாறி எடுத்துக்கொடுத்தன. ஒரு விரல் இறங்கும்போது இன்னொன்று எழுந்தது. தடித்த கண்ணாடி உறையையும் பிய்த்தெறிந்தாள். ஏப்ரல் கடைசியில் ஒரு பக்கத்துக்கு மூன்று பிழை. அதைத் திருத்தவும் நேரம் மிஞ்சியது.

வியாழக்கிழமைகளில் எதிர் நாற்காலியிலிருந்தே தானும் அடித்து நீட்ட ஆரம்பித்தாள். தாஃபினா இரண்டு திரையையும் பார்த்தாள். ஆனால் தலை இன்னும் வெனெதாவின் பக்கம்தான் சாய்ந்தது.

ஒருநாள் பக்கத்து மேசைக்காரி ஒருத்தி, அந்தச் செவிட்டம்மா எதுக்கு இப்படிக் கத்துது என்று தன் தோழியிடம் கேட்டாள். ருசன்கா வெனெதாவின் திரையைக் கவனித்தாள். வெனெதா அடித்தது, பக்கத்து மேசைக்காரியின் தொப்பி கோழிக்கூடு மாதிரி இருக்கிறது என்று. தாஃபினா சிரித்தாள். ருசன்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிடித்துவிட்டேன், இவள் பாதியை முழுங்குகிறாள்! வேகம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதே. இதையெல்லாம் ஒன்று விடாமல் தோப்ரியிடம் சொன்னாள். நீ ஏன் அதை எழுதவில்லை என்று அவர் கேட்டதும், ஆட்டுத் திருட்டுப் பக்கத்தை எடுத்து வைத்து அடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பழக்கமே அவளுக்குக் கிடையாது. நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட் தானாக எதையும் எழுதுவதில்லை. நீதிபதி சொல்வார், அவள் அடிப்பாள். கூண்டில் நிற்பவன் எதிராளியின் அம்மாவை இழுத்துத் திட்டினாலும், தரப்பினர் வாக்குவாதம் செய்தனர் என்று நீதிபதி சொன்னால், கோப்பில் ஏறுவது அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் வேறொருவர் வடிகட்டிக் கொடுத்ததை அடித்தவள் அவள். காப்பிக் கடையில் நீதிபதி இல்லை.

மே மாதம் தாஃபினாவின் ஒரே மகன் ஸ்வெத்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தலைமேசையில் தாஃபினாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக வைப்பார்கள். அதில் யார் என்பதுதான் ருசன்காவின் உயிர்ப் பிரச்சினையாயிற்று. ஒரு மாதம் தூங்கவில்லை. கடைசியில் தாஃபினாவே ஒரு வியாழக்கிழமை தீர்த்து வைத்தாள். பதிவு மண்டபத்தில் உறுதிமொழி, விருந்தில் பெரியவர்கள் பேசுவது, இதெல்லாம் ஒரு சொல் விடாமல் வேண்டும், அதற்கு ருசன்கா. பேச்சு முடிந்து சாப்பாடு ஆரம்பித்ததும் வெனெதா வந்து உட்காரட்டும்.

வெனெதா உடனே சரி என்றாள். ருசன்காவுக்கு அந்த உடனடிச் சம்மதம்கூட எரிச்சலாக இருந்தது. பாதி நாற்காலி கிடைத்த சந்தோஷத்தைவிட, மறுபாதி அவளுக்குப் போகிறதே என்ற பொருமல்தான் பெரிதாக நின்றது.

கல்யாணத்தன்று ருசன்கா அடித்ததைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். பதிவு மண்டபத்தில் மகன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவன் வாய் மூடுமுன் திரையில் இருந்தது. தாஃபினா திரையைப் படித்து, மகன் முகத்தைப் பார்த்து, சரியான நேரத்தில் அழுதாள். விருந்து மண்டப வாசலில் மணமக்களுக்கு ரொட்டியும் தேனும் ஊட்டினாள். பெரிய துண்டு யாருக்கோ அவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்று, மணமக்கள் தலைக்கு மேல் ரொட்டியைப் பிடித்து இழுத்தபோது பெரிய துண்டு மருமகள் கைக்கு வந்தது. பெண் வீட்டார் போட்ட கும்மாளத்தையும் ருசன்கா எழுதினாள். மணமக்கள் முத்தமிட்டு மதுவை இனிப்பாக்கும்வரை கூட்டம் "கசக்குது, கசக்குது" என்று கத்தியது. ஒன்பது முறை கத்தினார்கள். ருசன்கா ஒன்பது முறையும் அடித்தாள். தாஃபினா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். இத்தனை மாதத்து எரிச்சலுக்கும் அந்த ஒரு அழுத்தம் மருந்தாக இருந்தது.

பேச்சுகள் முடிந்தன. சாலட்டும் ரக்கியாவும் வந்தன. வெனெதா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ருசன்கா தலையைத் தூக்கவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் தானே பார்த்துக்கொள்வதாகவும், வெனெதா நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றும் சொன்னாள். வெனெதா ஒரு கணம் தயங்கினாள். பிறகு தட்டோடு திரும்பிப் போனாள். அவள் போவதைப் பார்க்க ருசன்காவுக்கு இனித்தது.

எதிரே இரண்டு நாற்காலி தள்ளி மணப்பெண்ணின் அம்மா ஸ்தான்கா இருந்தாள். தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தணிக்கவில்லை, யாருக்காகத் தணிக்க வேண்டுமோ அவளுக்குத்தான் காது கேட்காதே.

"இன்னும் ஒரு வருஷம் பாரு. இந்தச் செவிட்டைக் கட்டி மேய்க்கிற வேலை என் பொண்ணு தலையிலதான் விழும். ஊருக்கு அந்தக் கோடியில வீடு பாருங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ருசன்காவின் கட்டைவிரல்கள் நின்றன. ஒரு விநாடிதான். வெனெதா என்றால் இதை விட்டிருப்பாள், தொப்பியைப் பற்றி ஏதாவது அடித்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் அடுத்த வேலையைச் செய்தது. இடது, வலது, இடது, வலது. ஸ்தான்கா, தங்கையிடம், என்று முதலில் பெயரைப் போட்டாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். பிழையே இல்லை. திரையைத் தாஃபினாவின் பக்கம் திருப்பினாள்.

தாஃபினா படித்தாள். மறுபடி ஒரு தடவை படித்தாள். தேன் ஊட்டிய கை மேசைத் துணியை இறுக்கிப் பிடித்தது. ருசன்கா அப்போதுதான் தான் செய்ததைப் பார்த்தாள், ஆனால் திரையை இழுத்துக்கொள்ள நேரம் கடந்திருந்தது. அவசரமாக விளக்கம் சொல்லப் போனாள், அடித்துக் காட்டப் போனாள். தாஃபினா அவள் கையின் மேல் தன் கையை வைத்துத் தடுத்தாள்.

வாத்தியக்காரர்கள் அடுத்த பாட்டுக்கு முன் ஓய்ந்திருந்த நேரம் அது. தாஃபினா தணிந்த குரலில் பேசுவதாகத்தான் நினைத்தாள். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது.

"காது போனவளைப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, தெரியாதா எனக்கு? மூஞ்சியப் பாத்தா தெரியாதா? வெனெதாகிட்ட நான்தான்டி சொல்லி வெச்சேன், என்னைப் பத்தி யாராவது பேசினா எழுதிடாதன்னு."

ஸ்தான்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தாஃபினா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அவளுக்குச் சொல்லணும், அதனால சொன்னேன். உனக்குச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல ருசன்கா. நீ நம்ம ஆளு, சொல்லாமலே உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வாத்தியம் மறுபடி ஆரம்பித்தது. ருசன்கா செல்போனைப் பைக்குள் போட்டு, எழுந்து, தூரத்து மேசையில் இருந்த வெனெதாவைக் கையாட்டிக் கூப்பிட்டாள்.