திடீரா, நாள்பட்டதா?

ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேள்விக்குறி'. அவள் பார்ப்பது கோடிங் வேலை. டாக்டர் எழுதும் நோயை ஒரு எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எண் ஏறினால்தான் காப்பீட்டுக்காரன் மருந்துக்குத் தலையாட்டுவான். 'கால் முறிவு' என்று டாக்டர் மொட்டையாக எழுதிவிட்டால் போச்சு. எந்தக் கால், எந்த எலும்பு என்று சீட்டு அனுப்பி, பதில் வரும்வரை மனுஷனை விடமாட்டாள். டாக்டர் எழுதாததை அவளாக ஊகித்துப் போடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம்.

வீட்டிலும் இதே கூத்துதான். தலை வலிக்கிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, விட்டுவிட்டா, தொடர்ந்தா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் வலியே ஓடிவிட்டது. நான் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன், எந்தச் சத்தத்தையும் தாங்குவேன். இந்தக் குறுக்கு விசாரணையை மட்டும் தாங்க முடியாது.

அதனால் காலையில் கண் இரண்டும் உப்பிப்போய் எழுந்தபோதெல்லாம் தூக்கம் பத்தவில்லை என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் என் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. அவள் ஒன்றுமே கேட்கவில்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவளே தன் ஆஸ்பத்திரியின் சிறுநீரக டாக்டரிடம் இழுத்துப் போனாள். சிறுநீரில் புரதமும் ரத்தமும் கசிகிறது என்றார் அவர். முதுகில் ஊசி இறக்கி, சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் ஃபைலில் 'சிறுநீரக அழற்சி' என்று எழுதி, மாத்திரையும் எழுதினார்.

நாள் போனதே தவிர மருந்துக்கு அனுமதி வரவில்லை. கவுண்டரில் இருந்தவர், "உங்க ஃபைலுக்கு இன்னும் நம்பர் ஏறலைங்க. கோடிங்ல போய்க் கேளுங்க" என்றார். நல்ல யோசனைதான் என்று மாடியேறினேன்.

என் ஃபைல் அவளுடைய கீபோர்டுக்கு அடியில் கிடந்தது. பக்கத்து மேசைக்காரர், "நான் போட்டுடறேன்னா அக்கா தரமாட்டேங்கறாங்க" என்று போட்டுக்கொடுத்தார்.

"ஊருக்கெல்லாம் நம்பர் போடற. கட்டின புருஷனுக்குப் போட மாட்டியா?" என்றேன்.

"டாக்டர் முழுசா எழுதலைங்க. திடீர்னு வந்ததா, நாள்பட்டதான்னு இல்லை. ரெண்டுக்கும் வேற வேற நம்பர்."

"திடீர்னு வந்ததுன்னா?"

"பெரும்பாலும் ஆறிடும்."

"நாள்பட்டதுன்னா?"

அவள் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து சிறுநீரக டாக்டரே சிரித்தபடி உள்ளே வந்தார். "என்னம்மா, ரெண்டு வார்த்தை எழுதினா நாலு சீட்டு அனுப்புவீங்க. உங்க வீட்டுக்காரர் ஃபைலுக்கு ஒண்ணுகூட வரலையே?"

"கேட்டா நீங்க எழுதிடுவீங்களே சார்" என்றாள்.

டாக்டரின் சிரிப்பு நின்றுபோனது. எனக்கும் பயம்தான், மறைப்பானேன். ஆனால் என்னைக் கேள்வியாலேயே வறுத்தெடுப்பவள் ஒரே ஒரு கேள்விக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கேளு" என்றேன். "எழுதியே கேளு."

சீட்டில் எழுதி நீட்டினாள். எழுத்து கோணிப்போயிருந்தது. டாக்டர் நின்றபடியே ஃபைலைத் திறந்தார். "துணுக்குல பழைய தழும்பு இருக்கும்மா. மாத்திரையை ஒழுங்கா போட்டா, மேல கெட்டுப்போகாம பார்த்துக்கலாம்." 'நாள்பட்ட' என்று முன்னால் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் எண்ணை அடித்து ஏற்றினாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, உளறத்தான் வரும்.

"நாள்பட்டதுன்னா, நமக்கு இன்னும் நிறைய நாள் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"ஆமா, இருக்கு" என்றாள், டாக்டரைக் கேட்காமலே.